கொளஞ்சிக்கு வந்த வைராக்கியம்

உடையார்பாளையம் பக்கம் கொளஞ்சியைத் தெரியாத ஆட்கள் இருக்கலாம். அவன் கோபித்துக்கொண்டு போன கதை தெரியாத ஆட்கள் கிடையாது.

சிமெண்ட் லாரி ஓட்டுகிறான். கொஞ்சம் முந்திரிக்காடு இருக்கிறது. தண்ணி, சீட்டு எதுவும் இல்லாத மனுஷன். ஆனால் விசேஷ வீட்டு வாசலில் கால் வைத்தால் வேறு ஆளாகிவிடுவான். சந்தனக் கிண்ணம் தனக்கு இரண்டாவதாக வந்தது என்று கோபம். கும்பிட்டு வாங்கன்னு சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார்கள் என்று கோபம். தன் சொந்த வீடு குடிபோன அன்றைக்கே, ஐயர் தன்னைக் கேட்காமல் ஓமத்தை ஆரம்பித்துவிட்டார் என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியேறியவன் அவன்.

வெளியேறி எங்கே போவான்? நேரே பஸ் நிறுத்தம். பஸ் வரும். ஏற மாட்டான். ஏறிவிட்டால் சமாதானம் பண்ண வருகிறவர்கள் யாரைப் பண்ணுவது? தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு இரண்டு பேர் வருவார்கள். "வாப்பா, நீ இல்லாம சபை நல்லாவா இருக்கு?" என்பார்கள். கொஞ்ச நேரம் எதிர்ப்பக்கம் பார்ப்பான். பிறகு எழுந்து வருவான். வந்த பிறகு பந்தி பரிமாறுவதிலிருந்து பந்தல் பிரிப்பது வரைக்கும் அவன்தான் நிற்பான்.

இதை எங்கள் பக்கம் யாரும் தப்பாக நினைப்பதில்லை. உரிமை உள்ளவன் கோபித்துக்கொள்கிறான். உரிமை இல்லாதவன் மொய் எழுதிவிட்டுச் சாப்பிட்டுப் போகிறான்.

அப்படி இருந்தவனைத்தான் பிரஷர் பிடித்தது. நானும் லாரிதான் ஓட்டுகிறேன். அரியலூரில் லோடு ஏற்ற வரிசையில் இரண்டு பேரும் நின்றோம். எவனோ ஒருத்தன் குறுக்கே வண்டியை விட்டான். கொளஞ்சி இறங்கிப்போய்க் கத்தினான். அந்த ஆள் வண்டியைப் பின்னால் எடுத்த பிறகும் கத்தினான். கத்திக்கொண்டிருக்கும்போதே மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டுபோனேன். டாக்டர் மாத்திரை எழுதினார். அதோடு விடவில்லை. "மாடியில யோகா சொல்லித் தராங்க. போகலைன்னா அடுத்த தடவை மூக்கோட நிக்காது" என்றார்.

போனான். சொல்லித் தருகிறவர் கவிதா மேடம். சின்ன வயசுதான். முதல் நாள் பாயில் மல்லாக்கப் படுக்கச் சொல்லி, கண்ணை மூடி உடம்பைத் தளர விடச் சொன்னாராம். கொளஞ்சி விட்ட குறட்டையில் பக்கத்துப் பாய் ஆள் எழுந்துகொண்டார். ஆனால் விடாமல் போனான். ஆச்சரியமாகத்தான் இருந்தது. முழங்காலில் நெற்றி வைக்க முடியாமல் முக்குவான், முனகுவான், மறுநாளும் போவான்.

ஒரு நாள் மேடம் சொன்னார். "ஆசனம் மட்டும் பத்தாதுண்ணா. மனசுக்கும் பயிற்சி வேணும். வைராக்கியம் வரணும்."

கொளஞ்சி முகம் மலர்ந்துவிட்டது. "அது எங்கிட்ட வேணுங்கிற மட்டும் இருக்குங்க மேடம். எங்க சித்தப்பா மவன் கல்யாணத்துல எனக்கு மாலை போடல. இன்னிய வரைக்கும் அவன் வாசல மிதிக்கலிங்க."

மேடம் சிரித்துச் சிரித்துப் பாயிலேயே உட்கார்ந்துவிட்டார். "அது வீம்புண்ணா."

"எங்க ஊர்ல அதுக்குப் பேருதாங்க வைராக்கியம்."

"யோகத்துல அப்படி இல்ல. எது மேலயும் பற்று இல்லாம இருக்குறதுதான் வைராக்கியம். மாலை போட்டாலும் சரி, போடலன்னாலும் சரி. ஒங்க கழுத்து ஒங்க கழுத்துதானே?"

இது அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது. உடையார்பாளையம் வந்து சேரும் வரை, "என் கழுத்து என் கழுத்துதான பங்காளி" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தான்.

அன்றிலிருந்து ஆள் மாறினான். லோடு வரிசையில் எவனாவது குறுக்கே வந்தால் கேபினுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருப்பான். விஷயம் தெரிந்துபோய், குறுக்கே வருகிறவர்கள் எல்லாரும் அவன் வண்டிக்கு முன்னாலேயே வந்தார்கள். பின்னால் நிற்கிற எங்களுக்குத்தான் பிரஷர் ஏறியது.

வீட்டில் அவன் பெண்சாதி அனுசுயாவுக்கு வேறு கஷ்டம். "கொழம்பு எப்படிங்க இருக்கு?" என்று கேட்டிருக்கிறாள்.

"எப்படி இருந்தா என்ன?"

"நல்லாருக்குன்னு சொல்லுங்க. இல்ல, நல்லால்லன்னு சொல்லுங்க. எப்படி இருந்தா என்னன்னா நான் எதுக்கு ஆக்கணும்? தண்ணியக் காச்சி ஊத்துறேன், குடிங்க."

இந்த நிலைமையில்தான் தங்கச்சி வீட்டு விசேஷம் வந்தது. பாக்யலட்சுமி அவனுக்கு ஒரே தங்கச்சி. அப்பா அம்மா போன பிறகு இவன்தான் செட்டிகுளத்தில் கட்டிக்கொடுத்தான். மாப்பிள்ளை தர்மராஜ் வெங்காய விவசாயி. ரொம்ப வருஷம் குழந்தை இல்லாமல் இருந்து பிறந்தவள் பூங்குழலி. அவளுக்கு மொட்டை அடித்துக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மலை முருகன் கோயிலில் விசேஷம், கீழே மண்டபத்தில் சாப்பாடு.

ஃபிளெக்ஸ் பேனர் வைக்க மச்சான் போட்டோ வேண்டும் என்று தர்மராஜ் போன் பண்ணினான். அனுசுயா தேடிப்பார்த்தாள். கண் திறந்திருக்கிற போட்டோவில் எல்லாம் கொளஞ்சி யாரையோ முறைத்துக்கொண்டிருந்தான். ஒன்றில்தான் சாந்தமாக இருந்தான். யோகா வகுப்பில் எடுத்தது. வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, கண் இரண்டும் மூடியிருந்தது. அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள்.

சீர் வண்டியை நான்தான் ஓட்டினேன். பெரம்பலூர் தாண்டி செட்டிகுளம் போய்ச் சேர்ந்தோம். சனங்கள் இறங்கிச் சீர்த்தட்டைத் தூக்கினார்கள். மேளம் முழங்க மண்டபத்து வாசலுக்கு வந்தோம். வாசலில் தர்மராஜ் ஏணி மேல் நின்றுகொண்டு பேனரைத் தன் துண்டால் மூடப் பார்த்துக்கொண்டிருந்தான். மேளம் தானாக நின்றது.

பேனரில் மேல் வரிசையில் செத்துப்போன பெரியவர்கள் படம். தர்மராஜின் அப்பா, தாத்தா. அவர்களுக்கு நடுவில் கொளஞ்சி. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குத்துவிளக்கு எரிகிறது. கீழே கொட்டை எழுத்தில் "தெய்வத்திரு கொளஞ்சி" என்று போட்டிருந்தது. ஃபிளெக்ஸ் கடைக்காரன் மூடிய கண்ணையும் விபூதியையும் பார்த்து அவனாகவே முடிவு பண்ணிவிட்டான். வெங்காயம் பிடுங்குகிற அவசரத்தில் தர்மராஜ் சரிபார்க்கவில்லை.

துண்டு சரியாகக் கொளஞ்சி முகத்தை மட்டும் மூடியிருந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது.

வந்தவர்கள் எல்லாரும் இரண்டு எட்டு பின்னால் போனார்கள். தர்மராஜின் சித்தப்பா விவரமானவர். பஸ் நிறுத்தத்துக்கு ஒரு ஆளை முன்கூட்டியே அனுப்பிவிட்டார். உள்ளே தாம்பாளம் தயாரானது.

கொளஞ்சி பேனரை மேலும் கீழும் பார்த்தான். மூச்சை இழுத்தான். விட்டான்.

"போட்டோ தெளிவா வந்துருக்கு மாப்ள" என்றான்.

தர்மராஜ் ஏணியிலிருந்து இறங்கி ஓடிவந்தான். "தெரியாம நடந்துபோச்சு மச்சான். இப்பவே கிழிச்சிடுறேன்."

"எதுக்குக் கிழிக்கிற? பத்திரமா அவுத்து வச்சா மழைக்கு வெங்காயம் குவிச்ச பட்டறைமேல போத்தலாம்."

"மச்சான், கோவமா இருந்தா நாலு அடி அடிச்சிடுங்க. இப்படிப் பேசாதீங்க."

"கோவம்லாம் இல்ல மாப்ள. நான் இப்ப வைராக்கியத்துல இருக்கேன்."

அவ்வளவுதான். கூட்டம் அப்படியே உறைந்தது. கோபத்துக்கு எங்களிடம் மருந்து இருக்கிறது. தட்டு இருக்கிறது, வெற்றிலை இருக்கிறது, நல்ல வார்த்தை இருக்கிறது. வைராக்கியத்துக்கு எதுவும் கிடையாது. செத்தால் பால் ஊற்றக்கூட வரமாட்டேன் என்பவன் சொல்கிற வார்த்தை அது. மேளக்காரர் தோளிலிருந்து மேளத்தை இறக்கிக் கீழே வைத்துவிட்டார்.

செய்தி மண்டபத்துக்குள் போய், பாக்யலட்சுமி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, வைராக்கியம்னு சொன்னியாமே?"

"ஆமா பாக்கியம். அது என்னன்னா..."

"எம்மேலயா?"

"ஒம்மேல மட்டுமில்ல. எல்லாரு மேலயுந்தான். ஒருத்தரு மேல வச்சு ஒருத்தரு மேல வைக்காம இருந்தா அது தப்பு. மேடம் தெளிவா சொல்லிருக்காங்க."

"எந்த மேடம்?"

அனுசுயா தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் குறுக்கே புகுந்து, "அது யோகாம்மா, அந்த வைராக்கியம் வேற" என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை.

பாக்யலட்சுமி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "யாரும் மலைக்குப் போவ வேணாம். தாய்மாமன் மனசார வந்து மடியில வாங்காம எம்புள்ளைக்குக் காது குத்த வேணாம். அது காது அப்படியே இருக்கட்டும்."

காது குத்த வந்த ஆசாரி, நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்று யாரிடமோ முணுமுணுத்தார்.

கொளஞ்சி அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். மேடம் சொன்ன மாதிரியே நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தான். "இங்க பாரு. மனசுல பற்று வைக்கக்கூடாது. மாலை போட்டாலும் ஒண்ணுதான், போடலன்னாலும் ஒண்ணுதான். பேனர்ல உசுரோட இருந்தாலும் ஒண்ணுதான், செத்தாலும் ஒண்ணுதான். தங்கச்சி கூப்புட்டாலும் ஒண்ணுதான், கூப்புட..."

அங்கே நின்றுவிட்டான். வாய் திறந்தபடியே இருந்தது.

"சொல்லு" என்றாள் அவள். "கூப்புடலன்னாலும் ஒண்ணுதானா?"

அவன் பேனரைத் திரும்பிப் பார்த்தான்.

"நீ கோவிச்சுக்கிட்டுப் போவும்போதெல்லாம் மாமியா வூட்டுல நான் தலய நிமித்திக்கிட்டு நிப்பேன். எனக்குக் கேக்க ஆளு இருக்குன்னு. இன்னைக்கு வெளக்கேத்தி ஒன்னையப் பொணமாக்கி வச்சிருக்காங்க. நீ போட்டோ தெளிவா இருக்குங்குற. அப்ப நான் யாருண்ணே ஒனக்கு?"

கொளஞ்சி மூச்சை இழுத்தான். விட்டான். இன்னொரு தரம் இழுத்தான். அது போன வழியில் திரும்பி வரவில்லை.

"ஏன்டி, கூறு இருக்கா ஒனக்கு?" என்று ஆரம்பித்தான். மண்டபத்துத் தகரம் அதிர்ந்தது. "ஒம் புருசன் என்னைய அவங்கப்பனுக்கும் தாத்தனுக்கும் நடுவுல செருவி வச்சிருக்கான். என்னைய விட மூத்தவன் நாலு பேரு உசுரோட உக்காந்து பல்லு குத்துறான். எனக்கு மட்டும் என்னாடா அவசரம், ஏய் தர்மராசு? தெய்வத்திருவாமுல்ல. நான் பாட்டுக்கு வாய மூடிக்கிட்டு நின்னா, யாரு ஒனக்குன்னு கேக்குறா இவ. யாரா? ஒனக்குச் சடை பின்னிவிட்டு ஸ்கூலுக்கு அனுப்புனவன்டி நான். கோணக் கோணயா பின்னுவேன், அதோடதான நீ போவ."

பாக்யலட்சுமி அழுதுகொண்டே சிரித்தாள். மூக்கைத் துடைத்தாள். "அப்பாடா, எங்கண்ணன் திட்டிடுச்சு" என்று மாமியாரைப் பார்த்துச் சொன்னாள், ஏதோ பரிசு வாங்கின மாதிரி. தர்மராஜ் தாம்பாளத்தோடு வந்து நின்றான். கொளஞ்சி எதிர்ப்பக்கம் பார்த்தான். "வாங்க மச்சான், நீங்க இல்லாம சபையா" என்றான் தர்மராஜ். சித்தப்பா செல்போனை எடுத்து, பஸ் நிறுத்தத்தில் காத்திருந்த ஆளிடம், "வந்துருப்பா, இங்கயே முடிஞ்சுபோச்சு" என்றார். மேளம் மறுபடி தோளுக்கு ஏறியது.

மலைப்படி ஏறும்போது கொளஞ்சி என் பக்கத்தில் வந்தான். முகம் வாடியிருந்தது.

"கெட்டுப்போச்சு பங்காளி."

"என்னா கெட்டுப்போச்சு?"

"யோகா. முதல்ல சும்மா திட்டலாம்னுதான் ஆரம்பிச்சேன், தங்கச்சி அழுவுதேன்னு. பாதியில நெசமாவே கோவம் வந்துருச்சு."

"மூக்குல ரத்தம் வந்துதா?"

தொட்டுப் பார்த்தான். "வரல."

"அப்புறம் என்னாடா? நடயக் கட்டு."

மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய பூங்குழலியை அவன் மடியில் வைத்தார்கள். ஆசாரி முதல் காதைக் குத்தியதும் குழந்தை மலையே கேட்கும்படி கத்தி, மாமன் மீசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. "மெதுவாய்யா, மாட்டுக்கா லாடம் அடிக்கிற?" என்றான் கொளஞ்சி. அடுத்த காதுக்கு அவனே கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது கண் கலங்கியிருந்தது. மீசையைப் பிடித்து இழுத்ததில் வந்ததென்று எல்லாரிடமும் சொன்னான்.

கீழே வந்த பிறகும் குழந்தை அவனை விட்டு இறங்கவில்லை. அம்மா கூப்பிட்டும் போகவில்லை. தூக்கிக்கொண்டே நடந்தான், காட்டாத மரமில்லை, காட்டாத ஆடில்லை. சீர் கொண்டுவந்த தாய்மாமனை முதல் பந்தியில் உட்கார வைக்க வேண்டும். அதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். ஒவ்வொரு பந்தியாக முடிந்து, கடைசிப் பந்தியில்தான் கொளஞ்சி குழந்தையோடு வந்து உட்கார்ந்தான். வடை இல்லை. பாயச அண்டாவைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பரிமாறுகிறவன் இலையைப் பார்த்தான், ஆளைப் பார்த்தான், தர்மராஜைக் கூப்பிட ஓடினான்.

தர்மராஜ் பதறியடித்து வந்து பக்கத்தில் நின்றபோது கொளஞ்சி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ரசம் சோற்றைப் பிசைந்து, அதன் மேல் அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, "இந்தா, மாமனுக்கு ஒரு வாய், ஒனக்கு ஒரு வாய்" என்று மும்முரமாக இருந்தான்.