முகவரியில் இருந்த வார்த்தை

லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். சின்ன அமைப்புகளுக்கு இணையதளம் செய்து கொடுப்பது என் வேலை. ஒரு மதியம் உட்லண்ட்ஸிலிருந்து ஒரு அக்கா என்னைத் தேடி வந்தார். வீட்டில் இடியாப்பமும் ஆட்டுக்கறிக் குழம்பும் செய்து விற்பவர். பெண்கள் நலச் சங்கம் ஒன்றுக்கு நான் அமைத்த தளத்தில் அவருக்கும் ஒரு பக்கம் இருந்தது.

“போன்ல சொல்ல வாய் வரல. அதான் நேர்ல வந்தேன்” என்று கைபேசியை நீட்டினார். “என் பக்கத்தோட லிங்க்கைப் படிங்க தங்கச்சி.”

சங்கத்தின் பெயருக்கு அடுத்து ‘சிங்கிள் மதர்ஸ்’ என்று இருந்தது. அதற்குப் பிறகுதான் இடியாப்பம்.

“மகளோட ஸ்கூல் அம்மாங்க குரூப்ல அனுப்பிட்டுத்தான் கவனிச்சேன். அவ அத்தா எங்கள விட்டுட்டுப் போனது அங்க யாருக்கும் தெரியாது லா. ஒருத்தவங்க கேட்டே விட்டாங்க.”

என்ன கேட்டார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. தவறு என்னுடையது. கணவரை இழந்தவர்கள், தனித்து வாழும் தாய்மார்கள் என்று சங்கம் பெண்களை வகை பிரித்துக் கொடுத்திருந்தது. தளத்தை நடத்தும் மென்பொருள் அந்த வகைப் பெயரைத் தானாகவே பக்கத்தின் முகவரியில், அதாவது லிங்க்கில், சேர்த்துவிடும். அதை அப்படியே விட்டிருந்தேன். அந்த முகவரியை ஒரு பெண் தன் கையால் அடுத்தவருக்கு அனுப்புவாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

சங்கச் செயலாளரை அழைத்து, வகைகளை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். “வகையை எடுத்துட்டா நாங்க ரிப்போர்ட் எழுத முடியாதும்மா” என்றார்.

“உள்ள இருக்கட்டும் சார். வெளிய தெரியாமப் பண்ணிடறேன்.”

மென்பொருள் முகவரியைக் கோக்கும் நேரத்தில் நாம் குறுக்கே புகுந்து மாற்றிக்கொள்ள ஓர் இடம் விட்டிருப்பார்கள். அதை ஹூக் என்போம். அங்கே நாலு வரி எழுதி வகைப் பெயரை நீக்கினேன். சோதித்துப் பார்த்தால், அக்காவின் லிங்க்கில் பொங்கோலில் இருக்கும் வேறொரு பெண்ணின் பக்கம் திறந்தது. அவரும் இடியாப்பம் விற்பவர். வகை மட்டும்தான் வேறு. அது போனதும் இருவருக்கும் ஒரே முகவரி ஆகிவிட்டது.

ஆகவே அவரவர் விரும்பும் பெயரே முகவரியாக வரும்படி மாற்றி எழுதினேன். பழைய லிங்க்கைத் தட்டினாலும் புதிய பக்கத்துக்கே போகும்படி செய்தேன்.

“உங்க பக்கத்துக்கு என்ன பேர் வைக்கலாம் அக்கா?” என்று போனில் கேட்டேன்.

“உட்லண்ட்ஸ் இடியாப்பம்னு போடுங்க. போதும்.”

“ஏற்கெனவே அனுப்பின மெசேஜ்ல பழைய வார்த்தை அப்படியேதான் இருக்கும். அதை என்னால மாத்த முடியாது.”

“அது குரூப்ல எங்கயோ மேல போயிடுச்சு. யாரு போய்த் தேடப் போறா?” என்றார். அன்றே புதிய லிங்க்கை அனுப்பினார். அந்தக் கேள்வியைக் கேட்டவரே நோன்புப் பெருநாளுக்கு ஆர்டர் கொடுத்தாராம்.

பிறகு சங்கத்தின் பட்டியலில் இருந்த மற்றவர்களையும் ஒவ்வொருவராக அழைத்துப் பெயர் கேட்டேன். பலர் முகவரியைக் கவனித்ததே இல்லை. ஜூரோங்கில் ஜாக்கெட் தைக்கும் ஒரு பெண் மட்டும், “முதல் நாளே பாத்தேங்க” என்றார்.

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா பக்கத்தையே எடுத்துடுவீங்களோன்னு பயந்தேன்.”

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் தனக்கு வேண்டிய பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தார்.