மார்க்குக்கு வந்த பிரெஞ்சு

அறுபதுகளின் தொடக்கத்தில் சேலத்துக் கல்லூரி ஒன்றில் எனக்குத் தற்காலிகமாக பிரெஞ்சு ஆசிரியர் வேலை கிடைத்தது. பத்து மாணவர்கள் இருந்தால் வகுப்பு உண்டு. குறைந்தால் வகுப்பும் இல்லை, நானும் இல்லை. பத்துப் பேர் சரியாகச் சேர்ந்தார்கள். பாரிஸ் மோகமெல்லாம் கிடையாது. தமிழைவிட பிரெஞ்சில் மார்க் கொட்டும் என்று எவனோ கிளப்பிவிட்டிருந்தான்.

எனக்கோ பாண்டிச்சேரியில் படித்துவிட்டு வந்த திமிர். விடை எழுதிக் கொடுத்து உருப்போடச் சொல்வது கேவலம் என்று நினைத்தேன். அவன், அவள், அது என்று பெயருக்குப் பதிலாக வரும் பிரதிப்பெயர் பிடிபடாதவனுக்கு பிரெஞ்சே பிடிபடாது என்று இரண்டு மாதம் அதிலேயே உட்கார்ந்துவிட்டேன். 'அதை அவனுக்கு' என்ற இரண்டு சொல்லும் வினைக்கு முன்னால் தாவி உட்கார வேண்டும். அதிலும் எது முதல் என்பதற்கு வரிசை உண்டு. சட்டி பானைகூட அங்கே அவன் அல்லது அவள்தான். கரும்பலகை முழுக்க அம்புக்குறி போட்டு விளக்கினேன். என் விளக்கத்தில் நானே சொக்கிப்போனேன்.

முதல் பரீட்சையில் ஒருவன்கூடத் தேறவில்லை. மறு வாரமே நாமக்கல் பக்கத்து விவசாயி ஒருவர் மகனோடு வந்து நின்றார்.

"ஏனுங்க வாத்தியாரே, சோத்துக் குண்டாவப் பாத்து 'அவள எறக்கி வை'ங்கறானுங்க பையன். ஊட்டுல அவங்கம்மா, 'ஆருடா அவ?'ன்னு கரண்டியத் தூக்கிட்டு வாரா."

"பிரெஞ்சுல அப்படித்தாங்க…"

"எருமைக்கே நாங்க அதுன்னுதானுங்க சொல்றோம்." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கோவிச்சுக்காதீங்க சாமி. நீங்க நல்லாத்தான் சொல்லித் தாரீங்க. எங்களுக்கு பாசை வேண்டாமுங்க, மார்க்கு போதும்."

மகனைத் தமிழ் வகுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். அவனைப் பார்த்து இன்னும் இருவர் கழன்றுகொண்டார்கள்.

மறுநாள் மானத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, எழுதிய விடைகளோடு கல்லூரிக்குப் போனேன். முதல்வர் வாசலிலேயே மறித்தார்.

"ஏழு பேர்தான் மிச்சம். வகுப்பை மூடியாச்சு சார்."

"இனிமே பிரதிப்பெயரே எடுக்க மாட்டேன் சார்."

"முன்னாடியே தோணியிருக்கலாம்" என்றார்.

அடுத்த வருஷம் வேறொருவரை வைத்து வகுப்பைத் திறந்தார்கள். நானும் மனுப் போட்டிருந்தேன், பதில் வரவில்லை. புதியவர் முதல் நாளே விடைகளைக் கொடுத்துவிட்டாராம். உட்கார இடமில்லாத கூட்டமாம். அத்தனை பேரும் பாஸாம்.

நான் அப்போது வேலை பார்த்த சங்ககிரி லாரி புக்கிங் ஆபீசுக்குப் பருத்தி லோடு அனுப்ப வந்த என் பழைய மாணவன் ஒருவன்தான் இதைச் சொன்னான்.

"நீங்களும் அப்பவே குடுத்திருக்கலாமுங்க சார்."

நிஜமாகவே வருத்தப்பட்டான். பருத்தி லோடு எங்கே போகிறது என்று கேட்டு, ரசீதைக் கிழித்து அவனிடம் நீட்டினேன்.