அப்பா கொடுத்த நற்சான்றிதழ்

போன மாதம் ஒரு கூட்டத்தில் என்னை உட்கார வைத்து, கையில் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளைக் கொடுத்தார்கள். கறுப்பின ஆசிரியர்கள் நம் பள்ளிக்கூடங்களில் ஏன் நிலைப்பதில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டுமாம். நானும் இருபது வருடமாக லண்டனில் படிப்பிக்கிறவள்தான். பக்கத்தில் இருந்தவர்கள் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்கள், யாருக்கும் பிடிபடாத வியாதிக்கு மருந்து தேடுகிறவர்களைப் போல. எனக்குக் கோபம் வந்தது. காரணம் எனக்கு ஒன்பது வயதிலேயே கண்முன்னால் நடந்தது. அதை எழுத அந்தத் தாளில் இடம் காணாது. வெறுந்தாளை ஒட்டிவிட்டு வந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனில் நோர்பரிக்கு வந்து சேர்ந்தோம். பள்ளிக்கூடத்தில் என்னைக் கடைசி மேசையில் இருத்தி, வர்ணம் தீட்டும் புத்தகம் ஒன்றைத் தந்தார்கள். ஊரில் பெரிய பெரிய பிரித்தல் கணக்கெல்லாம் செய்துகொண்டிருந்தவள் நான். இங்கே ஒரு வருடம் முழுக்க வாத்துக்கு மஞ்சள் பூசினேன். ஆங்கிலம் வராத பிள்ளைக்குக் கணக்கும் வராது என்பது அவர்கள் எடுத்த முடிவு. வீட்டில் அம்மா கொப்பியைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைப்பார்.

அடுத்த செப்டெம்பரில் எங்கள் வகுப்புக்கு மிஸ் காம்பெல் வந்தார். ஜமேக்காவிலிருந்து வந்த பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர். அந்தப் பள்ளிக்கூடத்தில் சமையலறைக்கு வெளியே வேலை பார்த்த முதல் கறுப்பர் அவர்தான். வந்த முதல் கிழமையே என் வாத்துப் புத்தகத்தை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டு, தாளில் ஒரு பிரித்தல் கணக்கை எழுதி என் முன்னால் தள்ளினார். செய்தேன். இன்னொன்று எழுதினார். அதையும் செய்தேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு வாத்து வைத்த அலமாரியைப் பார்த்தார். அன்றைக்கே என்னை முன்மேசைக்கு மாற்றினார்.

அதன் பிறகு என் பாடு சும்மா இல்லை. எழுத்து சாய்ந்தால் திரும்ப எழுத வேண்டும். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தால் இடைவேளை இல்லை. கதவால் உள்ளே வரும்போது வரிசை குலைந்தால் வகுப்பு முழுவதும் திரும்பப் போய் மறுபடி வர வேண்டும். யாரையும் அவர் தொட்டதில்லை, கத்தியதும் இல்லை. ‘இன்னொரு முறை’ என்று மட்டும் சொல்வார். அந்தச் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது. வியாழக்கிழமைகளில் பள்ளி விட்ட பிறகு என்னையும் இன்னும் மூன்று பேரையும் மறித்து வைத்துப் பின்னக் கணக்குச் சொல்லித் தருவார்.

மழையோ பனியோ, விளையாட்டுத் திடலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் எப்போதும் மிஸ் காம்பெல்தான். எங்களோடு நிற்க அவருக்கு அவ்வளவு விருப்பம் என்று நினைத்து எனக்குச் சந்தோஷம். மத்தியானச் சாப்பாட்டையும் வகுப்பிலேயே தனியே இருந்து சாப்பிடுவார். வகுப்பை விட்டுப் பிரிய மனமில்லை என்று நினைத்தேன். மற்ற ஆசிரியர்கள் கட்டி மேய்க்க மாட்டோம் என்று கைவிட்ட வகுப்பை அந்த வருடம் அவர் தலையில் கட்டியிருந்தார்கள் என்பதும், ஆசிரியர் அறைக்குள் அவர் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? ஆள் இல்லை, ஆள் இல்லை என்று பள்ளிக்கூடங்களை நடத்தும் கவுன்சில் விளம்பரம் போட்டுத்தான் அவரைக் கூப்பிட்டது. கூப்பிட்டதோடு தன் வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டது.

எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. ஹவுன்ஸ்லோவிலிருந்து மாமி தொலைபேசியில் அப்பாவைப் பிடித்து உலுக்கினார். “அண்ணை, பிள்ளையைக் காப்பிலியிட்டையோ படிக்க விட்டிருக்கிறியள்? வேறை வகுப்புக்கு மாத்தச் சொல்லிக் கேளுங்கோவன்.” மாமியை வெள்ளைக்காரர் தெருவில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று மாமிக்கே நன்றாகத் தெரியும். அந்தச் சொல் கொடுத்த வலி ஆறுமுன்னே, கறுப்பரை இழிவாகச் சொல்லும் இந்தச் சொல்லை எடுத்து இன்னொருத்தி மீது வீச அவரால் முடிந்தது. அப்பாவும் முதலில் கொஞ்சம் தடுமாறினார், மறைக்க மாட்டேன். பிறகு என் கணக்குக் கொப்பியைப் பார்த்தார். பெற்றோர் சந்திப்புக்கு என்னையும் கூட்டிக்கொண்டு தானே புறப்பட்டார்.

ஊரில் பிள்ளையை ஆசிரியரிடம் ஒப்படைக்கும்போது சொல்லும் ஒரு பேச்சு உண்டு. கண் இரண்டையும் விட்டுவிட்டுத் தோலை உரித்தாலும் நாங்கள் ஏன் என்று கேட்க மாட்டோம் என்பார்கள். பிள்ளை இனி உங்கள் பொறுப்பு என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் இல்லை. அப்பா அதை அப்படியே தன் ஆங்கிலத்தில் மிஸ் காம்பெல்லிடம் சொன்னார். அவர் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். தன் தகப்பனும் தன்னைப் பள்ளியில் விடும்போது ஏறக்குறைய இதையேதான் சொன்னார் என்றார். அன்று இருவரும் பாதி ஆங்கிலத்திலும் பாதி கைச்சாடையிலும் பேசிக்கொண்டதைப் பார்த்தால் ஒரே ஊர்க்காரர் என்று நினைப்பீர்கள்.

மிஸ் காம்பெல்லுக்குக் கொடுத்தது ஒரு வருட வேலை. வருட முடிவில் அவரை நிரந்தரமாக வைத்திருப்பதா அனுப்புவதா என்பது தலைமை ஆசிரியரின் கையில். ஜூன் மாதம் தலைமை ஆசிரியர் சில பெற்றோருக்குக் கடிதம் அனுப்பினார். பிள்ளையின் வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், வந்துபோக முடியுமா என்று மிகவும் பணிவான கடிதம். அப்பா பெற்றோல் ஷெட்டில் ஷிப்டை மாற்றிக்கொண்டு, விமானத்தில் வந்த அன்று போட்டிருந்த கோட்டை எடுத்துத் தூசி தட்டினார். ஊரில் கச்சேரி என்கிற மாவட்ட அரச அலுவலகத்தில் கிளாக்காக இருந்தவர் அவர். அலுவலகக் கடிதங்களை ஆங்கிலத்தில் திறமாக எழுதுவார், ஆனால் இங்குள்ளவர்கள் வாயால் பேசும் ஆங்கிலம் அவருக்குப் பிடிபடாது. அதனால் மொழிபெயர்க்க என்னையும் கூட்டிப்போனார்.

தலைமை ஆசிரியர் மெல்லப் பேசும் வெள்ளைக்காரர். எங்களுக்கு பிஸ்கட் தந்தார். மிஸ் காம்பெல் ஸ்ட்ரிக்டா என்று கேட்டார். அந்தச் சொல்லுக்கு அப்பாவுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. முகம் முழுக்கச் சிரிப்போடு “வெரி ஸ்ட்ரிக்ட், சேர். வெரி வெரி ஸ்ட்ரிக்ட்” என்றார். எங்கள் ஆட்கள் ஒரு ஆசிரியருக்குச் சூட்டக்கூடிய மாலை அது. தலைமை ஆசிரியர் தலையை ஆட்டியபடி எழுதிக்கொண்டார்.

உங்கள் மகளுக்கு அவரைக் கண்டு பயமா என்று அடுத்துக் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். அப்பா நிமிர்ந்து இருந்தார்.

“ஓம், நல்ல பயம் எண்டு சொல்லு. வீட்டிலையும் அவவின்ரை பேரைச் சொன்னால் காணும், பிள்ளை இருந்து படிக்கும் எண்டு சொல்லு.”

நல்ல பயம் என்றால் மதிப்பு. ஆசிரியரை மனதில் வைத்திருக்கிற பிள்ளை என்று பொருள். யாழ்ப்பாணத்தில் எந்தத் தாயையும் கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பயத்துக்கு ஒரு சொல்தான் இருந்தது. எனக்கு மிஸ் என்றால் மிகவும் பயம், வீட்டில் அவர் பெயரைக் கேட்டாலும் பயம் என்று அப்பா சொல்கிறார் என்றேன். பேனா ஓடியது.

அப்பாவுக்கு உற்சாகம் கூடிவிட்டது. தோல் உரிக்கும் கதையையும் சொல்லச் சொன்னார். சொன்னேன். தலைமை ஆசிரியரின் பேனா நின்றது. அப்பாவைப் பார்த்தார். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். அவரும் சிரித்தார், எனக்கு இன்னொரு பிஸ்கட் நீட்டினார். அந்த ஒன்றை மட்டும் அவர் எழுதவில்லை.

முடிவில் தாளை அப்பாவின் பக்கம் திருப்பி, வாசித்துச் சரியென்றால் கையெழுத்திடச் சொன்னார். அப்பா வரிவரியாக வாசித்தார். மிகவும் கண்டிப்பானவர். மகள் அவரைக் கண்டு மிகவும் பயப்படுகிறாள். வீட்டில் பெயரைக் கேட்டாலே பயப்படுகிறாள். எல்லாம் அப்பா சொன்னதாக நான் சொன்னவை, ஒரு சொல்லும் அவர் கூட்டவில்லை; அப்பாவுக்கு அவை ஒவ்வொன்றும் புகழ்ச்சி. தன் முழுப்பெயரை எழுதி, கச்சேரியில் போடுவதைப் போல அடியில் இரண்டு கோடு இழுத்துக் கையெழுத்து வைத்தார். பஸ்ஸில் வரும்போது அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. “ரீச்சருக்கு நல்ல சேட்டிபிக்கற் ஒண்டு குடுத்திட்டு வாறன்” என்று வீட்டு வாசலிலேயே அம்மாவிடம் சொன்னார்.

ஆகஸ்ட் விடுமுறையில் ஆசிரியர் சங்கத்திலிருந்து ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மிஸ் காம்பெல்லுக்கு வேலை நீடிக்கப்படவில்லை என்றும், பெற்றோரின் முறைப்பாடுகள்தான் காரணம் என்றும் சொல்லி, தாள் ஒன்றின் பிரதியைக் காட்டினார். அப்பா தன்னுடைய இரண்டு கோட்டைப் பார்த்தார். அம்மாவைத் திரும்பிப் பார்த்து “நான் நல்லதெல்லே சொன்னனான்” என்றார். அன்றே உட்கார்ந்து மூன்று பக்கத்தில் கடிதம் எழுதினார். கண்டிப்பு என்றால் என்ன, பயம் என்றால் என்ன என்று பிழையில்லாத ஆங்கிலத்தில் விளக்கினார். தங்கள் கருத்து கவனத்தில் எடுக்கப்பட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதன் பிறகு காஸ் மீற்றர் பார்க்க வருகிறவன் நீட்டும் தாளில்கூட அப்பா லேசில் கையெழுத்து வைத்ததில்லை.

தலைமை ஆசிரியருக்கு விளங்கவில்லை, அது பண்பாட்டு வேறுபாடு, பாவம் அவர் என்ன செய்வார் என்று பின்னாளில் சிலர் என்னிடம் சமாதானம் சொன்னார்கள். எனக்கு அந்தச் சமாதானம் வேண்டாம். அப்பா உண்மையாகவே முறைப்பாடு செய்கிறார் என்று அந்த மனிதர் நினைத்திருந்தால், தோல் உரிக்கும் கதையை அல்லவா முதல் வரியில் எழுதியிருப்பார்! அவர் எழுதாமல் விட்டார், ஏனென்றால் அதை வாசிக்கிற எவருக்கும் இது ஒரு தகப்பன் பெருமையில் பேசிய பேச்சு என்று தெரிந்துவிடும். அவருக்கு எல்லாம் விளங்கியது. தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்து, அதையும் எங்கள் கையெழுத்தில் செய்து முடித்தார். ஒரு கறுப்பு ஆசிரியையை அனுப்ப ஒரு பழுப்புத் தகப்பன் கிடைத்தது அவருக்கு எவ்வளவு வசதி. மிஸ் காம்பெல் பிறகு எங்கே படிப்பித்தார், படிப்பித்தாரா என்பதுகூட எனக்குத் தெரியாது. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஆனால் என்னால் தாங்க முடியாதது அந்த மனிதர் செய்தது அல்ல. நான் சொல்வது விடுமுறைக்கு முன்பு, ஜூலையில், தவணையின் கடைசி நாள் நடந்தது. சங்கத்துக்காரர் வீட்டுக்கு வர இன்னும் சில கிழமை இருந்தது, எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஓய்வுபெறும் இன்னொரு ஆசிரியைக்கு மண்டபத்தில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மிஸ் காம்பெல் வகுப்பில் தனியே நின்று சுவரில் இருந்த எங்கள் படங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு நல்ல செய்தி சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் அப்பா உங்களைப் பற்றித் தலைமை ஆசிரியரிடம் சொன்னார், கையெழுத்தும் வைத்தார் என்றேன்.

தெரியும், வாசித்தேன் என்றார். கையிலிருந்த படங்களை மேசையில் வைத்துவிட்டு என் உயரத்துக்குக் குனிந்தார். அவ்வளவு பக்கத்தில் அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. என்னைக் கண்டு உனக்கு உண்மையாகவே பயமா என்று கேட்டார். மிகவும் மெதுவாகக் கேட்டார்.

அந்த ஒரு வருடத்தில் அவர் எனக்குத் தந்ததற்கெல்லாம் திருப்பிக் கொடுக்க என்னிடம் ஒன்றுமே இருக்கவில்லை. எங்கள் வீட்டில் ஆகப் பெரிய சொல் எதுவோ அதைக் கொடுத்தேன்.

“ஓம் மிஸ், சரியான பயம்” என்பதை ஆங்கிலத்தில் சொன்னேன். அதுவும் காணாதோ என்று நினைத்து, வீட்டில் இருக்கும்போதும் பயம் என்று சேர்த்துச் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து, மிச்சப் படங்களைக் கழற்றத் தொடங்கினார். இவ்வளவு நல்ல வார்த்தை சொல்லியும் மிஸ் ஏன் சிரிக்கவில்லை என்று யோசித்தபடி நான் கேக் வாங்க மண்டபத்துக்கு ஓடினேன்.