பூனை கடித்ததற்கு ஆற்றில் முங்கியவன்

ரேபிஸ் நாய்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட நோய் என்று நாற்பத்தொன்பது வயது வரை நம்பியிருந்தேன். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவன் நான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அடுத்தவர் சொல்லித் தெரியவந்தால் இன்னும் கேவலம். ஊசிக்கே ஊரில் பெயர் நாய்க்கடி ஊசி. ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருக்கும் படத்திலும் நாய்தான். ஆகவே பூனை கடித்தால் மஞ்சள் போதும் என்பது என் சித்தாந்தம். இதற்குத் துணையாக இன்னொன்றும் வைத்திருந்தேன். வெறிநோய் கண்டவன் தண்ணீரைப் பார்த்து மிரளுவான். தினமும் காலையில் தாமிரபரணியில் முங்கி எழுகிறவன் மிரளவில்லை. எனவே அவனுக்கு நோய் இல்லை என்று ஆறே தினமும் சான்றிதழ் கொடுத்துவிடுகிறது. பள்ளிப் பாடத்தில் இவ்வளவு தெளிவாக நான் எதையும் நிறுவியதில்லை.

எங்கள் வீட்டில் ஒரு பெண் பூனை உண்டு. அதற்குப் பெயர் வைக்கவில்லை. என் மனைவி "ஏட்டி" என்று கூப்பிடுவாள், வரும். நான் அப்படிக் கூப்பிட்டால் மனைவியும் சேர்த்து இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதால் கூப்பிடுவதில்லை. அதற்கு ஊசி போட வேண்டும் என்று மனைவி இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "வீட்டுப் பூனைக்கு எதுக்கு ஊசி?" என்று நான் கேட்பேன். வீட்டுப் பூனை அந்த நேரம் மூன்றாவது வீட்டு மாடியில் நிற்கும்.

சென்ற கார்த்திகையில் எங்கள் தெருவில் ஒரு நாய் கண்டதையெல்லாம் கடித்துவிட்டுச் செத்துப்போனது. அது சாவதற்கு முந்தின நாள் எங்கள் பூனை காது கிழிந்து வீட்டுக்கு வந்தது. யாரோடு சண்டை என்று பூனை சொல்லவில்லை. நானும் இதையும் அதையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. காதுக்கு மஞ்சள் தடவினேன், அவ்வளவுதான்.

மார்கழி பிறந்ததும் பூனை சாப்பிடுவதை நிறுத்தியது. துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. வாயோரம் எச்சில் நூலாக வடிந்தது. ஒரு சாயங்காலம் அதைச் சமாதானம் செய்து வெளியே எடுக்கலாம் என்று கையை விட்டேன். வலது கைப் பெருவிரலில் பல் இறங்கியது. நான் போட்ட சத்தத்தில் மனைவி ஓடி வந்தாள்.

"நாய் கடிச்ச பூனை, வாயில நொர தள்ளுது, அதுக்குப் போயி கையக் குடுத்திருக்கிய!"

"நாய் கடிச்சதுன்னு யாரு பாத்தா?"

"கடிக்கலன்னு யாரு பாத்தா?"

அடுக்களைக்கு மஞ்சள் எடுக்கப் போனவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் நிறுத்தினாள். சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வைத்தாள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் ஒன்றும் கிட்ட வரக்கூடாது என்றாள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னாள். காலையில் பார்க்கலாம் என்றேன். அதற்குள் என் மனதில் ஒரு சோதனை முறை தயாராகியிருந்தது.

முதல் சோதனை பூனைக்கு. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து எட்ட நின்று அதன் முன்னால் தள்ளினேன். பூனை முகத்தைத் திருப்பிக்கொண்டது. பூனை தோல்வி என்று குறித்துக்கொண்டேன். உலகத்தில் எந்தப் பூனை தண்ணீரைக் கண்டு குதூகலித்தது என்று அப்போது தோன்றவில்லை. அடுத்தது எனக்கு. ஒரு செம்பு தண்ணீர் குடித்தேன். இறங்கியது. சந்தேகத்துக்கு இன்னொரு செம்பு. இறுதித் தேர்வை விடிந்ததும் ஆற்றில் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

படித்துறையில் எனக்கு முன்பே பாத்திரக்கடை அண்ணாச்சி நின்றார். பல வருஷமாக ஒன்றாகக் குளிக்கிறோம். அணை திறந்து தண்ணீர் கூடியிருந்தது. மேலே பனி. முதல் படியில் கால் வைத்ததும் உடம்பு உதறியது. அப்படியே நின்றுவிட்டேன்.

"என்ன வே, தண்ணியப் பாத்து இப்படி நிக்கீரு?"

"பூனை கடிச்சிட்டு, அண்ணாச்சி. ரேபிஸா இருக்குமோன்னு..."

"பூனைக்கு ஏது வே ரேபிஸு?" என்றார். பிறகு ஒரு படி மேலே ஏறி நின்றுகொண்டார். "சரி, எதுக்கும் பாத்துருவோம். பைய எறங்கும். முட்டளவு போதும். பயம் தெரியுதா?"

"குளிருது."

"குளிரு வேற, பயம் வேற. பிரிச்சுச் சொல்லும்."

"பிரிச்சுச் சொல்ல வரல அண்ணாச்சி. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"அப்பம் முங்கும். முங்கினா தெரிஞ்சிரும்."

மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை முங்கினேன். எழுந்தபோது அண்ணாச்சி பள்ளி ஆய்வாளர் மாதிரித் தலையசைத்தார். "நீரு பாஸு வே. ஆஸ்பத்திரிக்கெல்லாம் போவாதியும். அந்தப் பூனையத்தான் வச்சிருக்கப் படாது. சாக்குல போட்டுக் கொண்டாரும். சீவலப்பேரி பஸ்ஸுல ஏத்தி அங்கன விட்டுட்டு வந்துருவோம்."

எனக்கு இரண்டு யோசனைகளும் பிடித்திருந்தன. ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்து, பரணிலிருந்து சாக்கை எடுத்தேன். மனைவி வாசலை மறித்து நின்றாள்.

"பூனையக் கொண்டு விட்டுட்டு வந்துருவிய. உங்கள யாரு கொண்டு விடுவா? சட்டையப் போடுங்க."

சாக்கைக் கீழே போட்டுவிட்டுச் சட்டையைப் போட்டேன்.

சுகாதார நிலையத்தில் இருந்த மருத்துவர் இளம்பெண். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "சார், நீங்கதான எங்களுக்கு ப்ளஸ் டூல கெமிஸ்ட்ரி எடுத்தீங்க?" இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்குள் மனைவி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், ஆற்றுச் சோதனை உட்பட. மருத்துவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"சார், பூனைக்கும் வரும். நாய் கடிச்ச பூனைக்கு நல்லாவே வரும். தண்ணிக்குப் பயம் வந்த பெறகு வந்தீங்கன்னா எங்களால செய்ய ஒண்ணும் கெடையாது. அது வர வாரமும் ஆகும், மாசமும் ஆகும். அதுக்கு முன்னாலயே ஊசி போட்டாத்தான் உண்டு. நீங்க இன்னைக்கு ஆத்துல முங்குனதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல சார்."

அதுவரை நான் பட்டதெல்லாம் ஒத்திகைப் பயம். உண்மையான பயம் அந்த நாற்காலியில் வந்தது, அதுவும் குளிர் இல்லாமல் தனியாக வந்ததால் இம்முறை பிரித்துச் சொல்ல முடிந்தது. காயத்தைச் சுற்றி ஒரு மருந்தை ஊசியால் ஏற்றினார்கள். பெருவிரலில் அவ்வளவு இடம் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். பிறகு தோளில் தடுப்பூசி. மீதி ஊசிகளுக்குத் தவறாமல் வரச் சொன்னார். கடைசியாக, "பூனை எங்க சார்?" என்று கேட்டார்.

"வீட்டுல இருக்கு," என்றாள் மனைவி, என்னைப் பார்த்துக்கொண்டே.

"பத்து நாள் அது கண்ணு முன்னால இருக்கணும். அது நல்லா இருந்தா, கடிச்சப்போ எச்சில்ல கிருமி இல்லன்னு அர்த்தம். காணாமப் போச்சுன்னா இருந்ததுன்னே வச்சுக்கணும். அடிக்காதீங்க, வெளிய விடாதீங்க, யாரும் தொடாதீங்க."

கால்நடை மருத்துவர் வீட்டுக்கே வந்தார். தடித்த கையுறை போட்டுக்கொண்டு, வலைக் கூடையால் கவிழ்த்து, பூனையைப் பின்கட்டு அறைக்கு மாற்றினார். எச்சில் வடிவதற்குப் பல காரணம் உண்டு, ஆனால் இப்போது வாயைத் திறந்து பார்க்க மாட்டேன், பார்க்கச் சொல்லவும் மாட்டேன் என்றார். அவர் நிதானமாகச் சொன்னதுதான் என்னை அதிகம் கலக்கியது.

அன்று முதல் ஜன்னல் கம்பி வழியாகப் பூனையைப் பார்ப்பது என் வேலை ஆயிற்று. பள்ளிக்கு விடுப்புப் போட்டேன். காரணம் 'உடல்நலம்' என்று எழுதினேன், யாருடையது என்று எழுதவில்லை. பூனை தள்ளாடினால் நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பூனை தூங்கினால் வயிறு ஏறி இறங்குகிறதா என்று எண்ணிக்கொண்டு நின்றேன். அது செத்தால் நானும் போகப் போகிறேன் என்று ஒரே முடிவாக இருந்தேன். அதற்குத்தானே ஊசி என்று மனைவி எத்தனை முறை சொன்னாலும் தலையில் ஏறவில்லை. அவளும் ஒருநாள் ஜன்னல் பக்கம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேலி செய்யாமல் அவள் அவ்வளவு நேரம் நின்றது எனக்குப் பிடிக்கவே இல்லை.

அண்ணாச்சி விசாரிக்க வந்தார். ஜன்னலுக்கு உள்ளே ஒரு தடவை பார்த்தார், வெளியே நின்ற என்னை ஒரு தடவை பார்த்தார்.

"கடிச்சது யாரு, கடிபட்டது யாருன்னு தெரியலையே வே."

"நீரு பாஸுன்னு சொன்னேருல்லா?"

"அது எழுத்துத் தேர்வு மாதிரி. செய்முறைத் தேர்வு பாக்கி இருக்குல்லா," என்றார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, தன் வீட்டுப் பூனைக்கும் ஊசி எங்கே போடுகிறார்கள் என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டு போனார்.

நாலைந்து நாளில் பூனை கஞ்சித் தண்ணீரை ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து நக்கியது. மறுநாள் மீன் கேட்டது. கெடு முடிந்து இன்னும் சில நாள் போனதும், கால்நடை மருத்துவர் வந்து மயக்க ஊசி போட்டு அதன் வாயைத் திறந்து பார்த்தார். மயக்கம் தெளிந்ததும் அதற்கும் ரேபிஸ் ஊசி போட்டார். காது கிழிந்த கதை தெரியாததால் இன்னும் சில மாதம் கவனித்து வைத்திருங்கள், வருஷா வருஷம் ஊசி போடுங்கள் என்றார். கவனித்தோம். சித்திரை வந்தது, ஆனி வந்தது. என் ஊசிகள் எல்லாவற்றையும் நான் போட்டு முடித்திருந்தேன்.

பூனைக்கு ரேபிஸ் இல்லை. கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து, ஈறில் சீழ் வைத்திருந்தது. வாயைத் திறந்து பார்த்த அன்றே மருத்துவர் அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டார். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறது.