துடைப்பம் படாத மாடி மூலை

இதை எழுதலாமா வேண்டாமா என்ற யோசனையிலேயே பல வருஷம் ஓடிவிட்டது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன், லோடு ஆட்டோ ஓட்டிப் பிழைக்கிறவன். ஆனால் தயக்கம் அதனால் இல்லை. நடந்ததைச் சொன்னால் பாதிப் பேர் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள், மீதிப் பேர் சிரிக்கிறார்கள். இரண்டில் எது சரி என்று எனக்கே தெரியாதபோது எப்படி எழுதுவது? பேனாவை எடுப்பேன், மூடி வைத்துவிடுவேன். இப்போது தெரியாமலேயே எழுதுகிறேன்.

சிதம்பரத்துக்கு வெளியே, வயலாக இருந்து மனையாகிவிட்ட ஒரு நகரில் எங்கள் வீடு. மேலே மொட்டை மாடி. அப்பா காலமானதிலிருந்து அமாவாசை தோறும் விரதமிருந்து, படைத்து, மாடியில் காக்கைக்கு வைத்த பிறகுதான் சாப்பிடுவேன். கைப்பிடிச் சுவர்மேல் வைத்தால் காற்று இலையோடு தூக்கிப் போய்விடும். அதனால் பக்கத்து வேப்பமரம் நிழல் தரும் மூலையில், தரையிலேயே வைப்பது வழக்கம். அப்பா சாப்பிடுகிற இடம் என்பதால் அங்கே துடைப்பம் படக் கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். மனைவி மாடி முழுக்கப் பெருக்குவாள், அந்த மூலையை மட்டும் விட்டுவிடுவாள். மாடித் தண்ணீர் கீழே இறங்குகிற பைப்பின் வாயும் அதே மூலையில்தான் இருந்தது. அதை யார் நினைத்துப் பார்த்தோம்.

மகளைக் கடலூர் முதுநகரில் கொடுத்திருக்கிறோம். அந்த வருஷம் கார்த்திகையில் அவளுக்குத் தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்ததும் அழைத்து வருவதாக ஏற்பாடு. ஆவணியில் ஒருநாள் சம்பந்தியம்மா நடராஜரைக் கும்பிட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கும் வந்தார். மகளுக்காக ஒதுக்கியிருந்த அறைக்குள் போனவர் சுவரில் உள்ளங்கையை வைத்து, எடுத்து, முகர்ந்து பார்த்தார். மேலே கூரையிலிருந்து இடுப்பளவு வரைக்கும் ஓதம் இறங்கி, சுண்ணாம்பு பொரிந்து கிடந்தது.

“இந்த ரூம்லயாங்க பச்ச உடம்பையும் கொழந்தையையும் போடப் போறீங்க? தப்பா நெனைக்காதீங்க. செவுரு காயட்டும், அனுப்பறேன். இல்லன்னா எங்க வூட்லயே பாத்துக்கறோம்” என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நியாயமாகச் சொல்லிவிட்டுப் போனார். முதல் பிள்ளையைப் பெற மகள் தாய் வீட்டுக்கு வராமல் போவதா? அன்று மனைவி அடுப்பே பற்ற வைக்கவில்லை.

கொத்தனாரைக் கூப்பிட்டேன். குளியலறைக் குழாய் கசிகிறது என்று டைல்ஸை உடைத்தார். உள்ளே எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தது. இன்னொருவர் ஏதோ மருந்து கலந்து பூசினார். அடுத்த மழைக்கு அது கொப்புளம் போல உப்பிக்கொண்டு வந்தது. மாடியில் தண்ணீர் தேங்குவதை நானும்தான் பார்த்தேன். தளம் போட்டவன் தண்ணீர் ஓட வாட்டம் சரியாக வைக்கவில்லை, தானாகக் காயும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு பங்காளி வந்து பார்த்தார். அது அப்பா கடைசியில் படுத்திருந்த அறை. அந்தச் சுவர் மட்டும் நனைகிறதென்றால் அவருக்கு ஏதோ குறை இருக்கிறது என்றார். எனக்குப் பொறி தட்டியது. செம்மங்குப்பத்தில் லோடு இறக்க நேரமாகி ஓர் அமாவாசையைத் தவறவிட்டிருந்தேன். மறுநாளிலிருந்து தினமும் இலை போட்டு, சோறும் பருப்பும் நெய்யும் மாடி மூலையில் வைத்துக் கும்பிட்டேன். நான் ஜாஸ்தி வைக்க வைக்க, சுவரும் ஜாஸ்தி நனைந்தது. அப்பா இன்னும் என்னதான் கேட்கிறார் என்று புரியாமல் குழம்பிப் போனேன்.

ஒருநாள் மகள் போனில், “அப்பா, நான் அங்க வரவே முடியாதாப்பா?” என்றாள். நான் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

புரட்டாசி அமாவாசை வந்தது. முந்தின நாள் பெய்த மழையில் அந்த மூலையில் கணுக்கால் அளவு தண்ணீர். இலையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். ஒரே ஒரு காக்கை வந்தது. சோற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தண்ணீருக்குள் நடந்து போய், மூலையில் அலகை விட்டுக் கொத்தி, கறுப்பாக எதையோ இழுத்தது. வராமல் போகவே மறுபடி இழுத்தது. அழுகிய வாழையிலைத் துண்டு. அதைக் கைப்பிடிச் சுவர்மேல் போட்டுவிட்டு என்னைப் பார்த்தது. பார்த்ததா, பார்த்ததாக எனக்குத் தோன்றியதா, அதுவும் தெரியாது. தண்ணீர் களக்கென்று சத்தமிட்டுச் சுழன்றது, மறுபடி நின்றுவிட்டது.

பைப்பின் வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டேன். இலை நரம்பு, வேப்பஞ்சருகு, கூழாகிப்போன சோறு. அள்ள அள்ள வந்தது. மனைவியின் தம்பி எலக்ட்ரிக் வேலை பார்க்கிறவன், மூங்கில் பிளாச்சு ஒன்றோடு வந்தான். பைப்பை மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே போனான். வளைவுக்கு வந்ததும் சத்தம் மந்தமானது. அங்கே கழற்றியதும் ஒரு வாளி சேறு தெருவில் கொட்டியது. போக வழியில்லாத தண்ணீர், கைப்பிடிச் சுவரடியில் இருந்த வெடிப்பு வழியாக அறைச் சுவருக்குள் இறங்கியிருக்கிறது.

“மாமா, தாத்தாவுக்குச் சோறு போட்டீங்களா, பைப்புக்குப் போட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு அவனே சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை, அவனைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. பைப்பின் வாய்க்குக் கம்பி வலை வைத்தான். மழைக்கு முன்னால் ஒரு குடம் ஊற்றிப் பாருங்கள், ஊற்றின வேகத்திலேயே கீழே விழ வேண்டும் என்று சொல்லிவிட்டு வெடிப்பையும் அடைத்துக் கொடுத்தான்.

ஐப்பசி அடைமழை விட்டிருந்த ஒரு பகலில் சம்பந்தியம்மா மறுபடி வந்தார். அதே சுவரில் உள்ளங்கையை வைத்தார். என்ன செய்தீர்கள் என்று கேட்டார். அப்பா காட்டிக்கொடுத்தார் என்று சொல்வதா, என் பக்தியே குழாயை அடைத்தது என்று சொல்வதா? இரண்டையும் கலந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“காக்கா எடுத்துச்சோ, நீங்க எடுத்தீங்களோ, செவுரு காஞ்சிருக்கு. வர்ற வெள்ளிக்கெழம வந்து புள்ளய கூட்டிட்டுப் போங்க” என்றார்.

மகள் வந்தாள். அந்த அறையிலேயே பேரனைக் குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு வளர்த்தோம். இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான்.

அழுகின சோற்றைத் தேடித்தான் காக்கை அங்கே கொத்தியிருக்கும். அது எனக்குப் புரியாமல் இல்லை. அப்படியானால் எதிரிலேயே சூடாக வைத்த சோற்றை ஏன் விட்டது? அங்கேதான் நான் நின்றுவிடுகிறேன். சொந்தக்காரர்கள் நிற்பதில்லை. ஒரு பக்கம் காக்கை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக ஆகிவிட்டது. இன்னொரு பக்கம் காக்கையே கிடையாது, மச்சான் வந்து கண்டுபிடித்தான் என்று ஆகிவிட்டது. படிக்கிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். யாருக்காவது இதைச் சொன்னால் இருக்கிறபடியே சொல்லுங்கள். காக்கையைப் பேச வைக்காதீர்கள், அதை எடுத்தும் விடாதீர்கள். எனக்குப் புரியாத இடத்தைப் புரியாததாகவே விட்டுவிடுங்கள்.