அண்ணி ஆள் பிடித்த கதை

நாத்தனார் ஒருத்தி அண்ணியைப் புகழ்ந்து எழுதினால் ஊர் சந்தேகப்படும். படட்டும். அவள் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்களுக்குள் சண்டை இல்லாத வாரம் கிடையாது. குளியலறை வாளியிலிருந்து டிவி ரிமோட் வரைக்கும் சண்டைதான். ஆனால் வேலை இடத்தில் அவள் நின்ற நிற்பைப் பற்றி யாராவது ஒரு சொல் தப்பாகச் சொன்னால், முதலில் மல்லுக்கு நிற்கிற ஆள் நான்தான்.

அண்ணிக்கு வேலை பல் லேபில். டாக்டர் வாய்க்குள் ரப்பர் மாதிரி ஒன்றை வைத்து அச்சு எடுப்பாரில்லையா, அது ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டியில் லேபுக்கு வரும். அதில் பிளாஸ்டர் ஊற்றிப் பல்வரிசையை எடுத்து, அதன்மேல் பீங்கானைத் தூரிகையால் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி, சூளையில் வேகவைத்து அனுப்புவார்கள். நாம் அதைக் கேப் என்கிறோம். முன்பல் கேப் என்றால் அந்த லேபில் அண்ணிதான். கடைவாய்ப் பல்லை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? முன்பல் அப்படியில்லை, சிரித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அந்த லேபில் ஒரு வழக்கம் உண்டு. பல் செய்கிறவர்கள் டாக்டரோடு பேசக்கூடாது. பெட்டி வரும், பெட்டி போகும். பேச்சுவார்த்தை எல்லாம் முதலாளியும், டாக்டர்களை வளைத்துப் போடுவதற்கென்றே அவர் வைத்திருந்த ஒரு ஆளும்தான். அவனுக்கு லேபில் வைத்த பெயர் கைகுலுக்கி. கண்ணில் பட்டவரிடமெல்லாம் கையைக் கொடுப்பான். வாசல் காவல்காரர் கதவைத் திறக்கக் கை நீட்டினால் அதையும் பிடித்துக் குலுக்குவான். ஏன் இந்த வழக்கம் என்று கேட்டால் முதலாளி ஒளிவுமறைவே இல்லாமல் சொல்வார்: "செய்யறவங்களும் டாக்டரும் பழகிட்டா, நடுவுல நான் எதுக்கு?"

லேப் இன்சார்ஜாக இருந்த பெரியவர் வேலையை விட்டதும் அந்த இடத்தை அண்ணி கேட்டாள். வாய்விட்டு, நேராகக் கேட்டாள்.

"வேலை நல்லாத்தாம்மா செய்யறே. ஆனா இன்சார்ஜ்னா வெளியில நாலு பேரைத் தெரிஞ்சிருக்கணும். உனக்கு எந்த டாக்டரைத் தெரியும்?" என்றார் முதலாளி. அவர் மனதில் கைகுலுக்கி இருந்தான். அவன் தூரிகையைத் தொட்டதே இல்லை.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள். "பேசக்கூடாதுன்னு வாயைக் கட்டி வச்சது அவரு. இப்ப உனக்கு யாரையும் தெரியாதேன்னு கேக்கறதும் அவரு. எந்த ஊரு நியாயம் இது?"

"விடு, எல்லா இடத்துலயும் இப்படித்தான்" என்றான் அண்ணன். அவன் உலகத்தில் எல்லாமே எல்லா இடத்திலும் அப்படித்தான்.

"விட மாட்டேன். ஆள் பிடிக்கணும், அவ்வளவுதானே? பிடிச்சுக் காட்டறேன்."

பல் டாக்டர்கள் சங்கத்துக்கு ஆண்டுக்கொரு கூட்டம் உண்டு. கட்டணம் கட்டினால் லேப்காரர்களும் போகலாம், ஆனால் முதலாளிகளைத் தவிர யாரும் போனதில்லை. அண்ணி கட்டினாள். விசிட்டிங் கார்டு அடித்தாள். தனியாகப் போகக் கூச்சப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பெரிய ஓட்டல், கால் புதைகிற கம்பளம். நான் துணிக்கடையில் நிற்கிறவள், கூட்டத்தைப் பார்த்தால் யார் வாங்குவார், யார் வெறுமனே தடவிப் பார்ப்பார் என்று சொல்லிவிடுவேன். அங்கே எல்லோரும் தடவிப் பார்க்கிறவர்களாகவே தெரிந்தார்கள்.

அண்ணி கார்டை நீட்டினாள். ஒருவர் அதை வாங்கி, படிக்காமலே கோப்பைக்கு அடியில் வைத்தார். ஒரு அம்மாள் "ஓ, லேபா" என்று சொல்லிக்கொண்டே அண்ணியின் தோளுக்கு மேல் யாரையோ தேடினார். கைகுலுக்கி மட்டும் ஹாலைச் சுற்றிச் சுற்றி வந்து கை கொடுத்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் சங்கத் தலைவர் மேடை ஏறினார். நகரத்தில் பாதிக் கிளினிக்குகள் அவருடையவை, அண்ணியின் லேபுக்கு வரும் பெட்டிகளில் பெரும்பகுதி அவர் அனுப்புவது. பல்லை எப்படிப் பேணுவது என்று விரிவாகப் பேசிவிட்டு, "இந்த வயசுலயும் என் வாயில இருக்கறது எல்லாம் சொந்தப் பல்தான்" என்று சிரித்தார். கைதட்டல். இறங்கியவர் கும்பலோடு தேநீர் மேசைப் பக்கம், நேராக எங்களிடம் வந்து நின்று, அதே சிரிப்பைச் சிரித்தார்.

மற்றவர்கள் பெரிய மனிதரைப் பார்த்தால் முகத்தைப் பார்ப்பார்கள். அண்ணிக்குக் கண் போவது பல்லுக்கு. இவ்வளவு காலம் முகமே தெரியாமல் பல்லை மட்டும் பார்த்துப் பிழைத்தவள். பள்ளிக்கூட வாசலில் தன் பிள்ளையைக் கண்டுகொண்ட தாய் மாதிரி அவள் முகம் மலர்ந்தது.

"சார்! மேல, முன்னாடி ரெண்டாவது பல்லு! அது நான் செஞ்சது சார்! பக்கத்துப் பல்லு லேசாத் திரும்பியிருந்ததுன்னு இதையும் கொஞ்சம் திருப்பி வச்சேன். என்ன அழகா உட்கார்ந்திருக்கு!"

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பி, நாலு பேருக்குத் தொற்றி, மேசை மேசையாகப் பரவியது. தலைவர் உதட்டை மூடினார். அவர் வேறொரு டாக்டரிடம் கமுக்கமாகப் போய்க் கட்டிக்கொண்ட பல் அது. பெட்டியில் ஆள் பெயர் வராது, கிளினிக் பெயர்தான் வரும். அண்ணிக்கு எப்படித் தெரியும்? நான் அவள் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். வழியெல்லாம் நான் சிரித்தேன், அவள் அழுதாள்.

மறுநாள் முதலாளி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "பெரிய டாக்டருக்குப் போன் போட்டு, ஆள் தெரியாம சொல்லிட்டேன், அது என் வேலை இல்லன்னு சொல்லு. அந்த ஹால்ல இருந்த எல்லாருக்கும் அது போய்ச் சேரணும்."

"எல்லார் முன்னாடியும் சொன்னது தப்பு. அதுக்கு நேர்லயே போய் மன்னிப்புக் கேக்கறேன். செஞ்சதைச் செய்யலன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

இன்சார்ஜ் ஆசை அதோடு போச்சு என்றுதான் நாங்கள் நினைத்தோம். எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் வீடு இரண்டு சம்பளத்தில் ஓடுகிற வீடு, என் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்க முடியாது.

அண்ணி அரை நாள் விடுப்புப் போட்டுத் தலைவரின் கிளினிக்குக்குப் போனாள். அவர் வேண்டுமென்றே காக்க வைத்தார். வரவேற்பில் நாற்காலி காலியில்லை. டாக்டருக்குப் பக்கத்தில் நின்று உதவுகிற பெண்கள் இருவர் அவளைக் கருவிகள் கழுவுகிற உள்ளறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள். கூட்டத்தில் நடந்த கதை அவர்களுக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. "அக்கா, அது நீங்கதானா?" என்று கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அங்கேதான் விஷயம் திரும்பியது. பல்லின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்காமல், நோயாளி நாற்காலிக்கு மேலே இருக்கும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்து எழுதுகிறார்கள் என்பது அண்ணிக்கு அன்றுதான் தெரிந்தது. லேப் ஆள் தாமதமாக வருவதால் எடுத்த அச்சு மேசையிலேயே கிடந்து சுருங்குகிறது என்று அவர்கள் லேபின் மீது குறை சொன்னார்கள். அண்ணிக்கு அதுவும் புதுச் செய்தி. இத்தனை காலம் கேப் பொருந்தாமல் திரும்பி வரும்போதெல்லாம் இவள் அவர்களைத் திட்டினாள், அவர்கள் இவளைத் திட்டினார்கள். இரண்டு பக்கமும் தப்பு இருந்தது, பேசிக்கொள்ளத்தான் ஆளில்லை.

டாக்டர் கடைசியில் கூப்பிட்டார். அவள் மன்னிப்புக் கேட்டாள். "அது உங்க வேலை இல்லன்னு எழுதிக் குடுப்பீங்களா?" என்றார். "மாட்டேன் சார்" என்றாள். "போங்க" என்றார். இன்று வரை அவர் மனம் மாறவில்லை. மாற வேண்டும் என்று அண்ணி ஏங்கவும் இல்லை.

ஆனால் அந்தப் பெண்கள் போன் செய்தார்கள். "அக்கா, ஒரு முன்பல் இருக்கு, நிறம் புரியல. வந்து பார்த்துட்டுப் போறீங்களா?" அண்ணி மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடினாள். நோயாளியை ஜன்னலோரம் நிற்க வைத்துப் பார்த்தாள். கேப் ஒரே தடவையில் உட்கார்ந்தது. அந்தப் பெண்களோடு சேர்ந்து படித்தவர்கள் நகரம் முழுக்கக் கிளினிக்குகளில் இருந்தார்கள், அவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் அண்ணியையும் சேர்த்தார்கள். டாக்டர் அச்சு எடுப்பார், அதைப் பெட்டியில் போட்டு எந்த லேபுக்கு என்று முடிவு செய்வது பல இடங்களில் அந்தப் பெண்கள்தான். இந்த ரகசியம் கைகுலுக்கிக்குத் தெரியாது. அவன் அவர்களுக்கு ஒருநாளும் கை கொடுத்ததில்லை.

முன்பின் தெரியாத கிளினிக்குகளிலிருந்து பெட்டிகள் வரத் தொடங்கின. கைகுலுக்கி அதையெல்லாம் தன் சாதனை என்று சொல்லி மார் தட்டினான். ஒரு கிளினிக்கிலிருந்து "அக்கா இருக்காங்களா?" என்று லேப் எண்ணுக்கே போன் வந்த பிறகுதான் முதலாளிக்கு உண்மை உறைத்தது. அண்ணியை அறைக்குக் கூப்பிட்டார். கைகுலுக்கியும் இருந்தான்.

"இன்சார்ஜ் நீதான்" என்றார். "ரெண்டே விஷயம். பெரிய டாக்டருக்கு அந்த போனைப் போட்டுடு. அப்புறம் அந்தப் பொண்ணுங்க நம்பரை எல்லாம் இவர்கிட்ட குடுத்துட்டு, கிளினிக் பக்கம் போறதை நிறுத்திடு."

அண்ணி தன் போனை மேசைமேல் வைத்தாள். "நம்பர்தானே? இந்தாங்க. இப்பவே யாரையாவது கூப்பிடுங்க."

கைகுலுக்கி கூப்பிட்டான். "சொல்லுங்கக்கா" என்றது குரல். அவன் தன் பெயர், பதவி, லேபின் பெருமை எல்லாம் சொல்லி, இனி எதுவானாலும் தன்னிடமே கேட்கலாம் என்றான். "சரிங்க சார். அக்கா வந்ததும் கூப்பிடச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள் அந்தப் பெண்.

"எனக்கு அந்த நாற்காலி வேணும், இல்லன்னு சொல்லல. ஆனா வாயை மூடிக்கிட்டு உட்கார்ற நாற்காலி வேணாம்" என்றாள் அண்ணி.

"வெளியில உனக்கு எவன் வேலை குடுக்கறான்னு பார்க்கறேன்."

"பாருங்க."

தன் காசில் வாங்கிய தூரிகைகளை எடுத்துக்கொண்டு, பட்டப்பகலில் நான் வேலை பார்க்கும் துணிக்கடைக்கு வந்து நின்றாள். "விட்டுட்டேன்" என்றாள். எனக்கு முதலில் வீட்டுக் கணக்குத்தான் ஞாபகம் வந்தது. அதே நேரம் அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது. கட்டிக்கொண்டேன், வாடிக்கையாளர்கள் பார்க்கட்டும் என்று.

அவள் வெளியே வந்த செய்தி குழுவில் போனது. புதிதாகத் திறந்த ஒரு லேபுக்கு இன்சார்ஜ் தேவை என்று அந்தப் பெண்களில் ஒருத்தி சொன்னாள். அந்த லேபை நடத்துகிற அம்மாள் நேர்காணலில் கேட்டாராம், "உங்களுக்கு எந்தெந்த டாக்டரைத் தெரியும்?"

"தெரிஞ்சவர் ஒருத்தர்தான். அவருக்கும் என்னைக் கண்டா ஆகாது" என்றாளாம் அண்ணி. அந்த அம்மாள் சிரித்துவிட்டு, குழுப் பெண்களில் இருவரைக் கூப்பிட்டு விசாரித்தார். வேலை கிடைத்தது.

சேர்ந்த அன்றே அண்ணி ஒரு புது ஏற்பாடு சொன்னாள். லேபில் பல் செய்கிற ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு மதியம் ஏதாவது ஒரு கிளினிக்குக்குப் போக வேண்டும், அங்கே இருப்பவர்களோடு பழக வேண்டும், தங்கள் நம்பரைத் தாங்களே கொடுக்க வேண்டும். அந்த அம்மாள் பதறிப்போனார்.

"எந்த லேப்லயும் இல்லாத வழக்கமா இருக்கே. எல்லாரும் வெளியில ஆள் பழகிக்கிட்டு, உங்களை மாதிரியே ஒருநாள் தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டா?"

"போகட்டும்மா. போறதுக்கு வேற இடம் இருக்கறவங்கதான் தலை நிமிர்ந்து வேலை செய்வாங்க. அவங்க போகாம இருக்கணும்னா, அதுக்கு என்ன செய்யணுமோ அதை நீங்க செய்யுங்க."

சரி என்றார் அந்த அம்மாள். கடைவாய்ப் பல் செய்கிற ஒருத்தி அன்று மதியமே கிளம்பினாள்.