ஏழுமலையின் துப்பாக்கி

துப்பாக்கி லைசென்ஸ் குமாஸ்தா வேலையில் ஒரு வசதி உண்டு. கையில் துப்பாக்கியோடு வருகிறவர்கூட நம்மைப் பார்த்துத்தான் பயப்படுவார். எழுபதுகளில் திருவண்ணாமலை தாலுகா ஆபீசில் அந்த நாற்காலி எனக்கு வாய்த்தது. ஒரே மனுவை நாலு தரம் எழுதி நொந்துபோன வாசகர்களே, எதிரே உட்கார்ந்திருந்தவனும் நொந்தவன்தான்.

பன்றிக்கு மட்டும்

கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து ஏழுமலை வந்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லையைக் காட்டுப்பன்றி கிளறுகிறதாம், துப்பாக்கி வேண்டுமாம். தகராறு எதுவும் இல்லை என்று கிராம முன்சீப் எழுதியிருந்தார். ஆனால் பொதுக் கிணற்றுத் தண்ணீருக்காக ஏழுமலையும் அவர் அண்ணனும் முறைத்துக்கொண்டிருப்பது டீக்கடையிலேயே என் காதுக்கு வந்திருந்தது. கேட்டேவிட்டேன்.

"பன்னிக்குத்தாங்க துப்பாக்கி. எங்கண்ணனுக்கு என் வாயே போதும்."

சந்தனப் பொட்டு

அந்தப் பதிலை நம்பி ஃபைலை மேலே அனுப்பினேன். அன்றிலிருந்து பேப்பரில் 'சுட்டுக் கொலை' என்று பார்த்தால் முதலில் ஊர்ப் பெயரைத்தான் தேடுவேன். லைசென்ஸைப் புதுப்பிக்கத் துப்பாக்கியை நேரில் காட்ட வேண்டும். ஆயுத பூஜை முடிந்த கையோடு அவர் கொண்டு வந்ததில், நம்பர் மேலேயே சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன. கர்சீப்பை நனைத்துத் துடைத்துக்கொண்டே, எத்தனை பன்றி விழுந்தது என்றேன்.

"ஒண்ணும் விழலீங்க. சத்தம் கேட்டா எங்கண்ணன் கொல்லைக்கு ஓடிடுது. அவன்தான் கத்தறான்."

வெறும் ஆணி

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். எலெக்‌ஷனில் பன்றியும் நிற்கிறதா என்று முணுமுணுத்தபடி ஏழுமலையும் ஒப்படைத்தார். ஓட்டு எண்ணி முடிந்ததும் எல்லோரும் ரசீதோடு ஸ்டேஷனுக்குப் போக, அவர் மட்டும் என் மேஜைக்கு வந்து லைசென்ஸை வைத்தார். பக்கத்தில், நெற்றியில் பிளாஸ்திரியோடு அண்ணன்.

ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள் கிணற்றடியில் இருவருக்கும் கைகலப்பு. ஏழுமலை துப்பாக்கியை எடுக்க வீட்டுக்குள் ஓடியிருக்கிறார்.

"சொவத்துல வெறும் ஆணிதாங்க இருந்துச்சு. அதையே பாத்துக்கினு நின்னேன். அழுகை வந்துடுச்சு. இனிமே எனக்கு இது வேணாங்க" என்றார் ஏழுமலை.

அப்படியானால் பன்றிக்கு என்ன செய்வீர்கள் என்றேன். அண்ணன்தான் பதில் சொன்னார்.

"ரெண்டு பேருமா தகரம் தட்டிக்கிறோங்க."

எத்தனையோ துப்பாக்கிகளை நம்பர் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றிய என் சர்வீசில், எனக்குத் தெரிந்து ஓர் உயிரைக் காப்பாற்றியது எந்தப் பதிவேட்டிலும் இல்லாத அந்த ஆணிதான்.